‘செயல்முறைப் பாதுகாப்பு’ என்னும் சொல் குறித்து

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஆலைகளில் கொடிய பொருள் கசிந்து தீயோ வெடிப்போ நச்சுப் பரவலோ நேராமல் காக்கும் துறையான ‘process safety’ என்பதற்கு ஐயா முன்மொழிந்த ‘செயல்முறைப் பாதுகாப்பு’ இலக்கணப்படி குறையற்ற சொல்தான். ஆனால் இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆலை வேலைக்குப் போகும் ஒருவர் அதைக் கேட்டால், சொன்ன முறைப்படி வேலை செய்வது, தலைக்கவசம் அணிவது என்றே எடுத்துக்கொள்வார். இந்த மயக்கம் வெறும் சொற்சிக்கல் அன்று. 2005 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கோபுரம் ஒன்று அளவுக்கு மீறி நிரம்பி, வழிந்த எரிபொருள் ஆவியாகித் தீப்பற்றியதில் 15 பேர் மாண்டனர். வழுக்கி விழுதல், கையில் அடிபடுதல் போன்ற காயங்கள் குறைந்து வந்ததையே ஆலை பாதுகாப்பாக இருப்பதற்குச் சான்றாக நிர்வாகம் கொண்டிருந்தது எனப் பின்னர் அமைந்த ஆய்வுக் குழு சுட்டியது.

இத்துறையின் உயிர்நிலை, கொடிய பொருள் தான் இருக்க வேண்டிய கலனையும் குழாயையும் விட்டு வெளியேறாமல் காப்பதாகும். ரப்பர் மரப்பால் உறையாதிருக்க அமோனியா சேர்ப்பதைக் கண்ட தோட்டத்து மக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நெடி கண்ணைக் கரிக்கிறதென்றால் எங்கோ கசிகிறது. போபாலில் 1984 டிசம்பர் 2 நள்ளிரவையொட்டி, தண்ணீர் புகுந்த தொட்டியிலிருந்து ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட் என்னும் நச்சுப்பொருள் வெளியேறியபோது, தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்தழிக்கும் சுடர்க்கோபுரமும் இயங்கும் நிலையில் இல்லை. எந்தக் கையுறையும் அங்கே எவரையும் காத்திருக்காது.

ஆகவே ‘கலன்காப்பு’ என்பதை முன்வைக்கிறேன். பொருள் வெளியேறும் நிகழ்வைக் ‘கலன்மீறல்’ எனலாம். உள்ளே அடக்கி வைத்தல் (containment) என்ற பொருளில் ‘அடக்கம்’ என்று தொடங்கும் சொற்களை நான் தவிர்த்ததற்குக் காரணம், நம் ஊரில் அச்சொல் இடுகாட்டைத்தான் நினைவூட்டும். குழாயும் வால்வும் கலனாகுமா என்று கேட்பீர்கள். பாத்திரம், கருவி, மரக்கலம் எனப் பலவற்றையும் தழுவிய சொல்லாதலால் ஆகும் என்றே கருதுகிறேன்.

மலேசியாவின் 1996ஆம் ஆண்டு தொழில்துறைப் பெருவிபத்து அபாயக் கட்டுப்பாட்டு விதிமுறைகளைத் தமிழில் குறிக்கும்போது ‘பேரிடர்’ வேண்டாம். அது வெள்ளத்துக்கும் நிலநடுக்கத்துக்கும் நிலைத்துவிட்டது. ‘பெருவிபத்து’ போதும். ‘செயல்முறை’யை விட மனமில்லையெனில், ‘செயல்முறைக் கலன்காப்பு’ என நீட்டுவதற்கும் நான் உடன்படுவேன்.