கார் நிற்கும் வீட்டுக்கும் இலவச அரிசியா?

மேட்டூரான்:
எங்கள் தெருவுக்கு மாதாமாதம் மொபெட்டில் ஒருவர் வருகிறார். ரேஷனில் வாங்கிய 20 கிலோ அரிசியைப் பையோடு எடை போட்டு எடுத்துக்கொண்டு, நூறோ நூற்றைம்பதோ கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். விற்பவர்களில் மாடி வீடும் காரும் உள்ளவர்கள் உண்டு. அந்த அரிசி கோழித் தீவனமாகிறது, அல்லது பாலிஷ் போட்டு எல்லை தாண்டிக் கேரளாவுக்கும் ஆந்திராவுக்கும் போகிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். 2023-24 பட்ஜெட்டில் உணவு மானியத்துக்கு 10,500 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வருமான வரம்பு வையுங்கள் என்றால் உடனே ஏழைகளின் எதிரி என்கிறார்கள். இல்லாதவருக்கு 20 கிலோவை 30 ஆக்குங்கள், எனக்குச் சந்தோஷம்தான். இருக்கிறவருக்கு எதற்கு?

டெல்டாவாசி:
வரம்பு வைத்துப் பார்த்தாயிற்று நண்பரே. 1997ல் மத்திய அரசு வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்தது. தமிழ்நாடு அதை ஏற்காமல், எல்லோருக்கும் என்பதிலேயே நின்றது. பிரித்த மாநிலங்களில் பட்டியல் எழுதுகிறவருக்கு வேண்டியவர் பெயர் ஏறியது, நாற்று நடப் போனவள் பெயர் விட்டுப்போனது. ஒரு கொத்தனாரின் ஆண்டு வருமானம் எவ்வளவு என்று யார் சொல்வது? மழை மாதத்தில் அவருக்கு வேலையே இருக்காது. வருமானச் சான்றுக்கு விஏஓ அலுவலகத்தில் நிற்கும் நாளில் அவருக்குக் கூலி போய்விடும். அப்புறம் இன்னொன்று. வாத்தியாரும் வரிசையில் நிற்கிற கடை என்பதால்தான் புழுத்த அரிசி வந்தால் சண்டை போட ஆள் இருக்கிறது. ஏழைகளுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டால் அந்தச் சண்டையை யார் போடுவார்கள்?

மேட்டூரான்:
கொத்தனாரை நான் தொடவே இல்லை. வருமான வரி கட்டுகிறவரையும் அரசுச் சம்பளம் வாங்குகிறவரையும் கண்டுபிடிக்க விஏஓ எதற்கு? பான் எண்ணும் ஆதாரும் இணைந்துதானே இருக்கின்றன. 2017 ஜூலையில், கார், ஏசி வைத்திருப்பவரும் வருமான வரி கட்டுகிறவரும் முன்னுரிமைக் குடும்பப் பட்டியலில் வரமாட்டார்கள் என்று அரசிதழிலேயே வரையறை வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் யாருக்கும் அரிசி நிற்காது என்று அமைச்சர் சொல்ல, பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த ஆண்டே ரேஷன் அரிசிக் கடத்தல் சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம், இலவச அரிசியை வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களோடு நிறுத்தலாமே என்ற கருத்தைச் சொன்னது.

கடைக்காரன்:
நான் கூட்டுறவுக் கடையில் விற்பனையாளர். ஊர் வேண்டாம். நீங்கள் இரண்டு பேருமே அட்டைதாரரைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். கிடங்கிலிருந்து வரும் 50 கிலோ மூட்டையை எங்கள் தராசில் ஏற்றிப் பாருங்கள், ஒன்றிரண்டு கிலோ குறையும். கொக்கி குத்திய ஓட்டையில் சிந்தியது கொஞ்சம், ஏற்றும்போதே எடுத்தது கொஞ்சம். கேள்வி கேட்டால் அடுத்த லோடு தாமதமாக வரும். ஆய்வில் இருப்புக் குறைந்தால் அபராதம் எங்கள் தலையில். அதனால் சில கடைகளில் 20 கிலோவுக்கு 18தான் எடை போட்டு வந்தார்கள். பருப்புக்கும் பாமாயிலுக்கும் மட்டும் வந்தவர் கைரேகை வைக்கும்போது அரிசிக்கும் சேர்த்துப் பில் போட்டுவிடுகிறார்கள். வாங்காத அரிசிக்குக் கைபேசியில் செய்தி வருகிறதே, அது இப்படி வருவதுதான். லாரி லாரியாகப் பிடிபடுகிற அரிசி மொபெட்காரர் சேர்த்தது மட்டும் என்று நம்பாதீர்கள்.

மேட்டூரான்:
அண்ணா, நீங்கள் சொல்வது என் பக்கத்துக்குத்தான் பலம். பருப்புக்கு மட்டும் வருகிறவரின் அரிசிதான் பொய் பில்லுக்கு இடம் கொடுக்கிறது. அவர் கையில் அரிசி அட்டையே இல்லையென்றால் எதன் மேல் பில் போடுவார்கள்?

வைகைக்கரை மீனா:
ஒவ்வொரு முறை கெடுபிடி கூடும்போதும் யார் மாட்டுகிறார்கள் என்று பாருங்கள் சார். என் அம்மாவுக்கு 74 வயது, காலமெல்லாம் களை பறித்த கை. விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்தார், ரேகை விழவில்லை. கருவிழிக் கருவி அன்று வேலை செய்யவில்லை. வெறும் பையோடு திரும்பினார். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்த பிறகுதான் நிம்மதி. கார் வைத்திருப்பவருக்கு இந்த அலைச்சல் எதுவும் கிடையாது. விற்கிறவர் எல்லாம் வசதியானவர் என்பதும் பொய். எங்கள் பக்கத்து வீட்டு அக்கா பத்து கிலோவை விற்றுத்தான் சர்க்கரை மாத்திரை வாங்குகிறார். அவரைத் திருடி என்பீர்களா?

மேட்டூரான்:
அவரைச் சொல்லமாட்டேன் அம்மா. ஆனால் அவருக்கு வேண்டியது மாத்திரைக்குப் பணம். அதை அரிசி வழியாகக் கொடுத்தால் நடுவில் தரகர்தானே கொழுக்கிறார்?

டெல்டாவாசி:
வேண்டாதவர் விலகிக்கொள்ள வழி இருக்கிறது. பொது விநியோக இணையதளத்திலேயே அரிசியை விட்டுக்கொடுக்கலாம். ஏன் யாரும் செய்வதில்லை? அரிசி அட்டை கையில் இருந்தால்தான் பொங்கல் பணம். 2019 பொங்கலுக்கு ஆயிரம் ரூபாய் அறிவித்தபோது வழக்கு நீதிமன்றம் போய், சர்க்கரை அட்டைக்காரர்கள், அதாவது அரிசிக்குப் பதில் கூடுதல் சர்க்கரை வாங்குகிறவர்கள், விடுபட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ளலாம் என்று அரசே அறிவித்தது. அரிசி தின்னவா அத்தனை பேர் மாற்றினார்கள்? அடுத்த பொங்கல் பரிசும் அரிசி அட்டைக்குத்தான். மற்ற சலுகைகளை அரிசி அட்டையோடு முடிச்சுப் போட்டுவிட்டு, ஏன் விடமாட்டேன் என்கிறாய் என்று மக்களைக் கேட்பது நியாயமா?

மேட்டூரான்:
முடிச்சை அவிழ்க்கட்டும், எனக்குச் சம்மதம். அதோடு ஆறு மாதம் அரிசி வாங்காத அட்டைக்குக் கடைக்கு ஒதுக்கீடே அனுப்பக் கூடாது. யாரையும் பட்டியலிலிருந்து நீக்க வேண்டாம், திரும்ப வந்து கேட்டால் அடுத்த மாதமே கொடுக்கட்டும்.

வைகைக்கரை மீனா:
திருப்பூருக்கோ கேரளாவுக்கோ வேலைக்குப் போய் ஏழாவது மாதம் வருகிற குடும்பம் அந்த ஒரு மாதம் எதைச் சாப்பிடும்? வந்த அன்றைக்கே கொடுக்க முடியுமென்றால் பேசுங்கள்.

கடைக்காரன்:
வாங்காத அட்டை எது என்று கருவியைப் பார்த்தால், பில் விழுந்த அட்டை எல்லாம் வாங்கிய அட்டையாகத்தான் தெரியும். மேட்டூர் தம்பியின் யோசனை அங்கேயே நின்றுவிடும். இப்போது தராசைப் பில் கருவியோடு இணைத்திருக்கிறார்கள், நல்லது, இனி கடையில் குறைத்து நிறுப்பது கஷ்டம். ஆனால் கிடங்கிலும் அதே மாதிரி எடை போட்டு, சீட்டில் இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கி மூட்டையை அனுப்பச் சொல்லுங்கள். 48 கிலோ மூட்டையை 50 என்று இறக்கிவிட்டுப் போனால் அந்த இரண்டு கிலோவை நான் யார் வீட்டுப் பையிலிருந்து எடுப்பது?