புதுப்பிப்பு: தீனி எடுக்காத கினிப்பன்றி தேறிவிட்டது, காரணம் கடைவாய்ப்பல்

பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து இங்கே முன்பு எழுதியிருந்தேன்: எங்கள் கினிப்பன்றி திடீரென்று தீனியைத் தொடவில்லை, புழுக்கை நின்றுவிட்டது, வயிறு உப்பியிருக்கிறது என்று. பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. பிழைத்துவிட்டது.

கைகொடுத்தது, பதில் எழுதிய கோவை அக்காவின் யோசனை: "விடியும்வரை காத்திருக்காதீர்கள், கடைவாய்ப்பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள்." உள்ளூரில் ஒருவர் பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் சிரப் எழுதித் தந்தார். கொடுக்கவில்லை. பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியே கொடுத்தால் இவற்றின் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து உயிரே போகலாம் என்று இங்கே ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள்.

திருச்சூர் அருகே மண்ணுத்தி கால்நடை மருத்துவமனையில் வாயை விரித்துப் பார்த்தார்கள். கீழ்க் கடைவாய்ப்பற்கள் உட்பக்கம் சாய்ந்து வளர்ந்து, நாக்குக்கு மேல் பாலம் கட்டியிருந்தன. பசி இருந்தும் விழுங்க வழியில்லை, பாவம். மயக்கமருந்து கொடுத்துப் பற்களைத் தேய்த்துக் குறைத்தார்கள். வலிக்கும் குடல் இயக்கத்துக்கும் மருந்து தந்தார்கள். வீட்டில் நாங்கள் செய்தது ஒன்றுதான்: தீவனக் குருணையை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில், கன்னத்தின் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக, இரவிலும். முன்பல் வழியே வேகமாகச் செலுத்தினால் புரையேறும். புழுக்கை மீண்டும் விழுந்தபோது வீட்டில் அனைவரும் கூடி நின்று பார்த்தோம்; வேறு யாரிடமும் சொன்னால் சிரிப்பார்கள்.

எதிர்பாராதது வைட்டமின் சி குறைபாடு. மனிதரைப் போலவே இவையும் அதைத் தாமே உற்பத்தி செய்வதில்லை. உடல் எடையில் கிலோவுக்குத் தினமும் 10 மி.கி.யாவது வேண்டும், நோயில் 30 வரை. தண்ணீரில் கலந்தால் சத்து விரைவில் சிதைந்துவிடுகிறது. இப்போது குடைமிளகாய் கொடுக்கிறோம். பற்கள் ஆயுள் முழுவதும் வளர்வதால் உலர்புல் எப்போதும் கூண்டில் இருக்கிறது. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடையும் பார்க்கிறோம்.