வழியனுப்புற வாழ்த்துல "பின்னால வர்ற அலை" நல்லதாம், எங்க ஃபைபர் படக அதுதான் கவுக்கப் பாத்துச்சு. விவரம் தெரிஞ்சவங்க உதவுங்க

அணியத்துக்காரன்:
வணக்கம் அண்ணன்மாரே. எங்க பெரியப்பா 31 வருசம் சரக்குக் கப்பல்ல வேலை பாத்துட்டு ரிட்டயர் ஆகி வந்துருக்காங்க. கூட வேலை பாத்தவங்க ஒரு மரப்பலகையில "ஃபேர் விண்ட்ஸ் அண்ட் ஃபாலோயிங் சீஸ்"னு செதுக்கிக் குடுத்துருக்காங்க. நல்ல காத்தும் பின்தொடர்ந்து வர்ற கடலும் அமையட்டும்னு அர்த்தமாம். எனக்கு அதப் படிச்சதும் வயித்தக் கலக்கிருச்சு. ஏன்னா அதுக்கு முந்துன வாரம்தான் நானும் அப்பாவும் தொழில் முடிஞ்சு முகத்துவாரத்துக்குள்ள நுழையும்போது பின்னால ஒரு அலை வந்து கடையால, அதாவது போட்டோட பின்பக்கத்த, தூக்குச்சு, போட் சர்ருன்னு முன்னால ஓடி அணியம், அதாவது முன்பக்கம், தண்ணியில குத்துச்சு, முன்னாடி இருந்த ஐஸ் பெட்டி வழுக்கிட்டுப் போச்சு, தண்ணியில்லாத அடிபம்ப அடிச்சா எப்படி இருக்கும், அப்படி இன்ஜின் கைப்பிடி லேசாகிருச்சு. பயத்துல ரேஸ முழுசா குறைச்சேன், போட் குறுக்கால திரும்பி அடுத்த அலை உள்ளயே ஏறிருச்சு. அப்பாதான் இழுத்துப் பிடிச்சாங்க. 28 அடி போட், 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு, கடையால்ல வெளியில மாட்டுற இன்ஜின். கோளாறு இன்ஜின்லயா, போட்லயா, என் கையிலயா? இதப் போயி எப்படி வாழ்த்தா சொல்றாங்க?

சுக்கான்பிடி:
தம்பி, நானும் கப்பல்ல இருந்தவன்தான். அது பாய்மரக் காலத்துக் கப்பலோட்டிங்க நினைப்புல வந்த வாழ்த்து, அமெரிக்கக் கடற்படையில இன்னிக்கும் ரிட்டயர் ஆகுறவங்களுக்குச் சொல்றாங்க. சதுரப் பாய் கட்டுன கப்பல் எதிர்க்காத்துல முன்னேற ரொம்பத் திணறும், காத்து பின்னால இருந்தா அலையும் அதே திசையில போகும், கப்பல் அலையில மோதாம ஓடும். நீளமான கனத்த கப்பலுக்கு அது சுகம். அதுலயும் அலை பெருசானா ஆபத்துதான். சர்வதேச கடல்சார் அமைப்பு 2007-ல கப்பல் தலைவர்களுக்குக் குடுத்த வழிகாட்டுதல்லயே இது இருக்கு, 25 மீட்டர் நீளக் கப்பல் நேரா பின்னால வர்ற அலையில 9 நாட், அதாவது மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல ஓடுனா அலைமேல சறுக்கிக் குறுக்கால திரும்புற அபாயம் உண்டு. உங்க போட் அதுல மூணுல ஒரு பங்குதான்.

வாடைக்காத்து:
இன்ஜின்ல ஒண்ணும் கோளாறு இல்ல. வெளிக்கடல்ல 6 செகண்டுக்கு ஒண்ணா வர்ற அலை சுமார் 18 நாட் வேகத்துல போகும், நம்ம போட்டுக்கு அடியில புகுந்து கடந்து போயிரும். முகத்துவாரத்துல ஆழம் 2 மீட்டர்னா அதே அலை 8, 9 நாட்டுக்கு இறங்கிரும், அது கிட்டத்தட்ட உங்க போட் வேகம். அதனாலதான் அலை உங்கள விட்டுட்டுப் போகாம தூக்கிட்டே ஓடுது. அலை உச்சியில தண்ணி கரைப்பக்கம் தள்ளும், பள்ளத்துல கடல்பக்கம் இழுக்கும். கடையால் உச்சியில, அணியம் பள்ளத்துல இருந்தா போட் தன்னால குறுக்கால திரும்பும். புரொப்பல்லரும் தண்ணிய விட்டு மேல வந்து காத்த உறிஞ்சிரும், கைப்பிடி லேசானது அதனாலதான்.

அணியத்துக்காரன்:
அப்போ ரேஸக் குறைச்சது தப்பா அண்ணே?

வாடைக்காத்து:
முழுசா குறைச்சது தப்பு. அவுட்போர்டுல புரொப்பல்லர் தள்ளுனாத்தான் திருப்ப முடியும், ரேஸ் போச்சுன்னா திருப்புற பிடியும் போச்சு. வெளியில நின்னு பத்து நிமிசமாவது அலையப் பாருங்க, பெருசா மூணு நாலு சேந்து வரும், அப்புறம் கொஞ்சம் அடங்கும். அடங்குனதும் ஒரு அலையோட முதுகுல ஏறிக்கோங்க, அதோட உச்சியத் தாண்டாதீங்க, பின்னால வர்றதையும் எட்ட விடாதீங்க, ரேஸக் கொஞ்சம் கூட்டி கொஞ்சம் குறைச்சு அந்த இடத்துலயே நிக்கணும், கடையால் அலைக்கு நேரா இருக்கணும். ஆத்துத்தண்ணி வெளிய இழுக்குற நேரம் அலை செங்குத்தா நிக்கும், அப்ப நுழையவே நுழையாதீங்க. லைஃப் ஜாக்கெட் போடுங்க, இன்ஜின நிறுத்துற கயித்தக் கையில மாட்டுங்க.

சுக்கான்பிடி:
ஜெர்மன் கப்பல்காரங்க வழியனுப்பும்போது "கப்பலுக்கு அடியில எப்பவும் ஒரு கையகலம் தண்ணி இருக்கட்டும்"னு வாழ்த்துவாங்க. கையகலம்னா நம்ம கணக்குல நாலு விரக்கடை. உங்க முகத்துவாரத்துக்கு அந்த வாழ்த்துதான் பொருந்தும் தம்பி, 2 மீட்டர் ஆழத்துல ஒன்றரை மீட்டர் அலை வந்தாலே மடிஞ்சு உடைஞ்சிரும்.

அணியத்துக்காரன்:
அப்பாட்ட படிச்சுக் காட்டுனேன், "பத்து நிமிசம் நிக்கச் சொல்லி நான் எத்தன தடவ கத்திருக்கேன்"னாங்க. ஐஸ் பெட்டியக் கடையால் ஓரத்துக்கே மாத்திக் கட்டிரவா?

வாடைக்காத்து:
ஓரம் வரைக்கும் தள்ளாதீங்க, கடையால் தாழ்ந்து பின்னால வர்ற தண்ணி லேசா உள்ள ஏறும். நடுவுக்குக் கொஞ்சம் பின்னால வச்சு ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுங்க. நுழையும்போது அணியத்துல யாரும் உக்காரக் கூடாது.