டிவைஸ்நெட் ஸ்கேனரில் உள்ளீட்டுத் தரவைப் பழைய முகவரியிலேயே வைக்க உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையின் மின் பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். இங்குள்ள டிரம்களின் மோட்டார் டிரைவ்களும் சென்சார்களும் டிவைஸ்நெட் என்ற தொழிற்சாலை வலையமைப்பில், அவற்றின் தரவைத் திரட்டித் தரும் ஆலன்-பிராட்லி ஸ்கேனர் வழியாக, இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினியான பிஎல்சியுடன் இணைந்துள்ளன. 4ஆம் நோடில் (வலையமைப்பில் ஒரு கருவிக்கான எண்ணிட்ட இடம்) 1 பைட் மட்டும் அனுப்பிவந்த பழைய சென்சார் பெட்டி பழுதாகி, அதே மாடல் கிடைக்காததால், 4 பைட் அனுப்பும் புதிய பெட்டியைப் பொருத்தினோம்.

ஒவ்வொரு நோடின் தரவு அளவையும் ஸ்கேனருக்குச் சொல்லும் ஸ்கேன் லிஸ்டில் உள்ளீட்டு அளவைத் திருத்தும் வரை, அளவு பொருந்தவில்லை என்பதைக் காட்டும் 77 என்ற பிழை எண் வந்தது, திருத்தியதும் மறைந்தது. ஆனால் ஆட்டோமேப் (தரவுக்கு நினைவக முகவரிகளைத் தானாக ஒதுக்கும் வசதி) கொடுத்தவுடன், 4க்கு அடுத்த நோடுகளில் உள்ள டிரைவ்களின் நிலைத் தரவு முழுவதும் நினைவகத்தில் கீழே தள்ளப்பட்டுவிட்டது. பிஎல்சியில் ஓடும் லேடர் நிரல் பழைய முகவரியையே படிப்பதால், சுண்ணாம்பு டிரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே பேனலில் அதன் 'ரன்' விளக்கு அணைந்து கிடக்கிறது. அந்த விளக்கைப் பார்த்துத்தான் ஆட்கள் டிரம் அருகில் செல்கிறார்கள் என்பதால், தானியங்கி இயக்கத்தை நிறுத்திவைத்து, ஒவ்வொரு டிரம்மையும் நேரில் பார்த்தே இயக்குகிறோம்.

லேடரையும் திரையையும் மாற்றுவதைவிட மேப்பிங்கைச் சரிசெய்வதே பாதுகாப்பானது எனக் கருதுகிறேன். புதிய பெட்டியின் முதல் பைட்டைப் பழைய இடத்திலும், மீதி 3 பைட்டுகளைக் கடைசியில் காலியாக உள்ள வேர்டுகளிலும் (நினைவக இடங்கள்), முகவரியை நாமே குறிக்கும் அட்வான்ஸ்டு மேப்பிங் மூலம் பிரித்து வைத்தால், மற்ற நோடுகளின் தரவு பழைய முகவரிக்குத் திரும்புமா, அல்லது அவை ஒவ்வொன்றையும் கையால் மேப் செய்ய வேண்டுமா? ஸ்கேன் லிஸ்டை ஸ்கேனரில் இறக்கப் பிஎல்சியை, நிரல் ஓடாமல் நிற்கும் புரோகிராம் நிலைக்கு மாற்ற வேண்டியிருப்பதால், வாராந்திர விடுமுறையில்தான் இதைச் செய்ய இயலும். இம்முறையைச் செய்து பார்த்தவர்கள் வரிசையைப் படிப்படியாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.