போலீஸ் கேட்டதும் தரவைக் கொடுத்துவிடலாமா?

கேள்வி | மழைத்துளி

என் தங்கைக்கு ஒரு போலிக் கணக்கிலிருந்து தொடர்ந்து மிரட்டல் வந்தது. புகார் கொடுத்தோம். அந்தக் கணக்கு யாருடையது என்ற விவரம் வந்து சேர்வதற்குள் அவள் இணையத்தின் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். தனியுரிமைக்காக எப்போதும் வாதாடுகிறவள் நான். இப்போது, கேட்டவுடனே கொடுத்தால்தான் என்ன என்று கோபம் வருகிறது. அதே வழியில் நாளை என் செய்திகளையும் யாராவது படிப்பார்களோ என்ற பயமும் போகவில்லை. எங்கே கோடு போடுவது?

பதில் | வடகாற்று

தப்பு செய்யாதவர்களுக்கு என்ன பயம்? விசாரணை அதிகாரிக்கு எல்லாவற்றையும் திறந்துவிட்டால் உங்கள் தங்கை மாதிரி யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

பதில் | பழைய_கோப்பு

மழைத்துளி, தங்கை இப்போது எப்படி இருக்கிறார்?

ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தில், போலீஸ் கேட்கும் விவரங்களை எடுத்துக் கொடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். இந்த மாதிரி வழக்குகள் இழுத்ததற்கு நான் பார்த்த காரணம் பெரும்பாலும் கோரிக்கையிலேயே இருந்த ஓட்டைகள். ஐபி முகவரி (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) இருக்கும், நேரம் இருக்காது. நேரம் இருந்தால் அது எந்த நாட்டு நேரம் என்று இருக்காது. ஒரே ஐபி முகவரியை ஒரே சமயத்தில் பலர் பகிர்ந்துகொள்வதுண்டு. அப்போது போர்ட் எண்ணும் (ஒரே முகவரியைப் பகிரும் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்) துல்லியமான நேரமும் இல்லாமல் ஆளைச் சொல்லவே முடியாது. அவசரத்தில் வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்டினால்? அவரும் தப்பு செய்யாதவர்தான், வடகாற்று.

இந்தக் கணக்கு, இந்த இரண்டு நாள், கையெழுத்து ஒரு நீதிபதியுடையது என்றால் கொடுக்க வேண்டும், அதுவும் தாமதிக்காமல். "அன்று இந்த கைபேசி டவர் பக்கம் வந்த எல்லாருடைய பட்டியல்" என்று கேட்டால் என் கை நின்றுவிடும். அமெரிக்காவில் கார்ப்பென்டர் வழக்கில் ஒருவருடைய 127 நாள் நடமாட்டத்தை, கைபேசி டவர் பதிவுகளிலிருந்து, 12,898 இடப்புள்ளிகளாக, வாரண்ட் இல்லாமலே எடுத்திருந்தார்கள். எந்த மருத்துவரிடம் போனார், இரவு எங்கே தங்கினார் என்பதைக்கூட அதிலிருந்து ஊகித்துவிடலாம். இதற்கு வாரண்ட் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொன்னது, அதுவும் 5-க்கு 4 என்ற கணக்கில்.

பதில் | மழைத்துளி

இப்போது பரவாயில்லை அண்ணா, கேட்டதற்கு நன்றி. சரி, செய்திகளின் உள்ளடக்கம்? என்க்ரிப்ஷனில், அதாவது செய்தியை வெளியார் படிக்க முடியாதபடி பூட்டும் முறையில், போலீஸுக்கு மட்டும் ஒரு சாவி வைத்தால் என்ன?

பதில் | பழைய_கோப்பு

அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கிரேக்கத்தில் 2004-05 வாக்கில் பிரதமர் உட்பட நூறு பேருக்கும் மேல் கைபேசி ஒட்டுக்கேட்கப்பட்டது. சட்டப்படி ஒட்டுக்கேட்பதற்கென்று தொலைபேசி இணைப்பகத்தின் மென்பொருளில் இருந்த வசதியைத்தான் ஊடுருவியவர்கள் பயன்படுத்தினார்கள்.

உங்கள் தங்கை விஷயத்தில் அந்தச் சாவி தேவையே இல்லை. மிரட்டல் அவர் போனிலேயே இருக்கிறது. வேண்டியிருந்தது கணக்கு விவரமும், உள்நுழைந்த நேரமும், ஐபி முகவரியும்தான். இனி இப்படி நடந்தால் அவை அழிந்துவிடக் கூடாது. அதனால் "விவரங்களை அழிக்காமல் வையுங்கள்" என்று நிறுவனத்துக்கு உடனே எழுதும்படி அதிகாரியிடம் கேளுங்கள். பல நாடுகள் ஏற்றுக்கொண்ட புடாபெஸ்ட் சைபர்குற்ற உடன்படிக்கை இதற்கு 90 நாள் வரை இடம் தருகிறது. நீதிமன்ற ஆணை வந்த பிறகு நிறுவனம் கொடுத்தால் போதும். அப்புறம், புகாரில் கணக்கின் பெயரை மட்டும் எழுதாதீர்கள், அதை மாற்றிவிடுவார்கள். கணக்கின் முழு இணைய முகவரியையும் ஒவ்வொரு செய்தியும் வந்த நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். எதையும் அழிக்க வேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள்.