தங்கச்சி போற இடமெல்லாம் அவ வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியுது?

கோட்டையூர்க்காரி:
என் தங்கச்சிக்காகக் கேக்குறேன். வீட்டுக்காரர்கிட்ட அடி தாங்க முடியாம பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஆத்தா வீட்டுக்கு வந்து சில மாசமாச்சு. அவரு இருக்கறது சென்னையில, ஆனா இவ காரைக்குடி கொப்புடையம்மன் கோயில்ல சாமி கும்புட்டு வெளிய வந்து செருப்பு மாட்டுறதுக்குள்ள "தரிசனம் ஆச்சா"ன்னு மெசேஜ் வருது. திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கார்ல போனப்ப லெம்பலக்குடி டோல்கேட்ட தாண்டுன உடனே "எங்க கெளம்பிட்ட"ன்னு போன். எனக்கு அவ வாட்ஸப்ல எழுதுனத வரிக்கு வரி திருப்பிச் சொல்றாரு. போன் அவரு வாங்கிக் குடுத்தது, சிம்மும் அவரு பேர்லதான். கார் நாங்க சீரா குடுத்தது, ஆர்சி அவரு பேர்ல. இது ஏதாச்சும் ஸ்பை ஆப்பா? ராத்திரி போன தலகாணிக்கு அடியில வச்சுப் படுக்கவே பயப்படுறா.

பள்ளத்தூர் பையன்:
இதுக்கு எதுக்கு இவ்ளோ யோசன, ஃபேக்டரி ரீசெட் போட்டு சிம்ம ஒடச்சு ஊருணியில வீசுங்க, முடிஞ்சுச்சு.

செக்காலை மொபைல் சர்வீஸ்:
தம்பி அவசரப்படாதீங்க. ரீசெட் போட்டுட்டு அதே ஜிமெயில உள்ள போட்டா, பாஸ்வேர்டு தெரிஞ்ச ஆளு மறுபடி உள்ளதான் இருப்பான், அதோட இருந்த ஆதாரமும் போச்சு.

அக்கா, கடைக்கு இந்த மாதிரி வர்ற போன்ல பாதிக்கு மேல ஸ்பை ஆப்பே இருக்காது, எல்லாம் சாதாரண செட்டிங்தான். வாட்ஸப்ல லிங்க்டு டிவைசஸ்னு ஒண்ணு இருக்கு, போன் ஒரு நிமிஷம் கையில கெடச்சா ஸ்கேன் பண்ணி அவரு கம்ப்யூட்டர்ல மொத்த சாட்டையும் உக்காந்து படிக்கலாம். கோயில் விஷயம் கூகுள் மேப்ஸ் லொகேஷன் ஷேரிங்கா இருக்கும், இல்லாட்டி அவரு ஜிமெயில் ஐடியே இந்த போன்ல கெடக்கும். டோல்கேட் கதை இன்னும் சிம்பிள், ஃபாஸ்டேக்ல அவரு நம்பர் இருந்தா காசு கட்டான எஸ்எம்எஸ் நேரா அவருக்குத்தான் போகும்.

நெஜமாவே ஸ்பை ஆப் இருந்தா "சிஸ்டம் சர்வீஸ்" மாதிரி ஏதோ ஒரு பேர்ல ஒளிஞ்சு கெடக்கும். போன் செட்டிங்ஸ்ல ஆக்சஸிபிலிட்டியிலயும் டிவைஸ் அட்மின்லயும் தெரியாத பேருக்கு பர்மிஷன் ஆன்ல இருக்கான்னு பாருங்க, பிளே ஸ்டோர்ல பிளே புரொடெக்ட் ஸ்கேன் ஒண்ணும் ஓட்டுங்க. பாக்குறதோட நிறுத்திக்கிங்க, எதையும் ஆஃப் பண்ணாதீங்க, பண்ணுன அடுத்த நிமிஷமே அவருக்கு மூக்கு வேர்த்துரும்.

சிம்தான் பெரிய ஓட்டை. அவரு பேர்ல இருக்கறதால டூப்ளிகேட் சிம் வாங்குனா ஓடிபி மொத்தமும் அவரு கையில. தங்கச்சி ஆதார்ல புது சிம், வேற போன், அதுல புதுசா ஒரு ஜிமெயில். பழைய பேக்கப்ப அதுல இறக்கவே கூடாது. பழைய போன் பாட்டுக்கு வீட்லயே சார்ஜ்ல கெடக்கட்டும், வக்கீலப் பாக்கப் போறப்ப கையில எடுக்காதீங்க, அந்தக் கார்லயும் போகாதீங்க.

தேவகோட்டை வக்கீல் ஆச்சி:
ஆதாரத்தப் பத்தி மொபைல் கடைத் தம்பி சொன்னது சரி, நாலு மெசேஜ வச்சுக்கிட்டு கோர்ட்ல பேசுறதுக்கும் வெறுங்கைய வீசிக்கிட்டு வர்றதுக்கும் ரொம்ப வித்தியாசம். நம்பரும் தேதியும் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அது கூகுள் போட்டோஸ்ல ஏறி அவரு கண்ணுல படாம இருக்க வேற போன வச்சு அந்த ஸ்கிரீன படம் புடிக்கறது இன்னும் நல்லது. ஒரிஜினல் மெசேஜ அழிக்காதீங்க.

2024 ஜூலை 1லேருந்து ஐபிசிக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்துல 78வது பிரிவு இருக்கு, பழைய ஐபிசி 354டிதான் அது. பின்தொடர்றது மட்டுமில்ல, பொம்பளையோட இன்டர்நெட், ஈமெயில் உபயோகத்தக் கண்காணிக்கறதும் குத்தம், முதல் தடவ 3 வருஷம் வரைக்கும் தண்டனை. புருஷன்னா விட்ருங்கன்னு அந்தப் பிரிவுல எங்கயும் எழுதல. அடிச்சதுக்கு 2005 குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கு, போன்லயோ மெசேஜ்லயோ தொடர்பே கொள்ளக்கூடாதுன்னு மாஜிஸ்திரேட்கிட்ட பாதுகாப்பு ஆர்டர் வாங்கலாம். அவரு சென்னையில இருந்தாலும் புகார இங்க காரைக்குடியிலயே குடுக்கலாம். ஸ்டேஷன் போகக் கூச்சமா இருந்தா மொதல்ல பெண்கள் உதவி எண் 181க்குப் பேசுங்க, ராப்பகல் எடுப்பாக. ஆளு வாசல்ல வந்து நின்னா யோசிக்காம அவசர எண் 112.

கானாடுகாத்தான் மருமக:
ஒண்ணு விட்டுட்டீங்க. பங்காளிக வாட்ஸப் குரூப்! பெரியத்தா ஒருத்தவுக "பேரன் இன்னைக்கு ஸ்கூல் சேந்துட்டான்"னு யூனிஃபார்ம் போட்டோ போட்டா போதும், பாக்கெட்ல ஸ்கூல் பேரே தெரியும். புது நம்பர நாலு பேருக்கு மேல குடுக்காதீங்க. முகப்புல உக்காந்து பேசித் தீப்போம்ங்கற மாமாக்களுக்குக் கண்டிப்பா குடுக்காதீங்க, நல்ல மனுஷங்கதான், ஆனா அவரு அழுதுக்கிட்டுக் கேட்டா எடுத்துக் குடுத்துருவாக.

அப்பறம் வீட்ல கேமரா இருக்கா? மாட்டுனது யாரு?

கோட்டையூர்க்காரி:
ஐயோ, கல்யாணத்தப்ப முகப்புல அவருதான் மாட்டிக் குடுத்தாரு! ஆப் எங்க அண்ணன் போன்ல இருக்கு, அவரு போன்லயும் இருக்கும்ல? லிங்க்டு டிவைசஸ்ல விண்டோஸ்னு ஒண்ணு இருக்கு, யாருதுன்னே தெரியல. மேப்ஸ்லயும் ஷேரிங் ஆன்ல இருக்கு. எதையும் தொடல, அண்ணன் போன்ல படம் புடிச்சு வச்சிருக்கோம். பேங்க்ல பழைய நம்பர்தான் இருக்கு, அத எப்ப மாத்தறது?

செக்காலை மொபைல் சர்வீஸ்:
புது சிம் கைக்கு வந்தப்பறம் பாஸ்புக்கும் ஆதாரும் எடுத்துக்கிட்டு நேர்ல பிராஞ்சுக்குப் போங்க, அப்படியே ஆதார்லயும் நம்பர மாத்திருங்க. நம்பர் மாத்துனா பழைய நம்பருக்கும் ஒரு எஸ்எம்எஸ் போக வாய்ப்பு இருக்கு, அதனால ஆச்சி சொன்ன ஆர்டருக்கு மனு போட்டதுக்கு அப்பறம் செய்ங்க. கேமராவுக்கு அண்ணன கடைக்கு வரச் சொல்லுங்க, டிவிஆர், அதான் கேமரா படத்தப் பதியுற பொட்டி, அதோட பாஸ்வேர்ட எப்படி மாத்தணும்னு காட்டறேன், அதையும் மனு போட்டதுக்கு அப்பறந்தான் மாத்தணும்.