சார்த்தர் அந்த மாணவனுக்குச் சொன்னது ஒரு பதிலா?

கேள்வி:
1945 அக்டோபரில் பாரிஸில் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் ஆற்றிய உரையில் ஒரு மாணவன் வருகிறான். 1940 ஜெர்மானியத் தாக்குதலில் அண்ணன் இறந்துவிட்டான். இவன் இங்கிலாந்து போய், ஜெர்மனியை எதிர்த்துப் போரிடும் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர நினைக்கிறான். ஆனால் அம்மாவுக்கு மிச்சம் இவன் மட்டும்தான். யோசனை கேட்டவனிடம் சார்த்தர், நீ சுதந்திரமானவன், நீயே தேர்ந்தெடு என்கிறார். போன வருடம் நானும் இப்படித்தான் நின்றேன். பக்கவாதம் வந்த அம்மா மதுரையில், துபாய் வேலைக்கான விசா கையில். அன்று யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் கோபம்தான் வந்திருக்கும். இது ஒரு பதிலா?

பதில் 1:
கோபம் நியாயம்தான். ஆனால் மற்ற வழிகளையும் அவர் பார்க்கிறார். பிறரை நேசி என்றால் யாரை, அம்மாவையா, போராளிகளையா? மனிதரைக் கருவியாக்காதே என்ற ஜெர்மன் தத்துவவாதி காண்ட்டின் விதியும் இரண்டு பக்கமும் இழுக்கிறது. அம்மா மேல் பாசம் எவ்வளவு என்பதைக்கூட, தங்கிய பிறகுதான் சொல்ல முடியும் என்கிறார். எனக்கு அந்த இடம்தான் முக்கியம்.

பதில் 2:
எனக்கு சார்த்தரின் துணையும் தத்துவவாதியுமான சிமோன் த பொவ்வார் இன்னும் நெருக்கம். என் சுதந்திரத்தை விரும்பினால் மற்றவர் சுதந்திரத்தையும் விரும்பியாக வேண்டும் என்று 1947-இல் எழுதினார். சரி, அம்மாவிடம் கேட்டீர்களா?

கேள்வி கேட்டவர்:
கேட்டேன். "போயிட்டு வாப்பா" என்றார். இடது கை அசையவில்லை, வலது கை என் சட்டையைப் பிடித்திருந்தது. நான் போகவில்லை. பாசம் இவ்வளவு என்று அன்று எனக்கும் தெரியாது. தினமும் காலையில் அந்த இடது கையை மடக்கி நீட்டிவிடுகிறேன். போன வாரம் கட்டைவிரல் லேசாக அசைந்தது.